வளையம் சொல்லும் சாட்சி: கூட்டுப்பொருளை அமுக்கிப் பார்த்த வரலாறு

பழைய ஊர்களைத் தோண்டும்போது அகழாய்வாளர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பொருள்களில் ஒன்று உறைகிணறு. சுட்ட களிமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கிய கிணறு அது. கீழடியில் கிடைத்தது, அரிக்கமேட்டில் கிடைத்தது. வடக்கே தில்லியில் புராணா கிலா அகழாய்விலும் கிடைத்தது. அந்த மண் வளையத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் பட்டென்று உடைந்துவிடும். ஆனால் சுற்றிலும் மண் சீராக அமுக்கும்போது இரண்டாயிரம் ஆண்டு நிற்கிறது. ஒரே பொருள்தான், இழுத்தால் ஒரு குணம், அமுக்கினால் வேறு குணம்.

இன்றைக்கு நாம் ஃபைபர் கிளாஸ் என்றும் கார்பன் ஃபைபர் என்றும் சொல்கிற கூட்டுப்பொருள்களின் குணம் இதற்கு நேர் எதிர். இழுத்தால் எஃகையும் தோற்கடிக்கும். அமுக்கினால் அந்த அளவுக்குத் தாங்காது. எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடிக்க மனிதர்கள் ஒன்றரை நூற்றாண்டாகப் பட்ட பாட்டைத்தான் இக்கட்டுரையில் சொல்லப்போகிறேன்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். நாற்பது ஆண்டுகளாகக் குழாய் வியாபாரம். இந்த விஷயத்தில் என்னை இழுத்துவிட்டது ஒரு விபத்து. 1990களில் ஒரு கழிவுநீர் வேலைக்கு 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபைபர் கிளாஸ் குழாய்கள் என் கடை வழியாகப் போயின. சோதனைச் சான்றிதழ் பிரமாதமாக இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் சாலை உள்வாங்கியது. அடியில் குழாய் முட்டை வடிவத்துக்கு நசுங்கிக் கிடந்தது. சரிசெய்ய இறங்கிய தொழிலாளி ஒருவர் மேல் மண் சரிந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் ஆறு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. பிறகு விசாரித்தால் என்ன தெரிந்தது தெரியுமா? சான்றிதழுக்காக அமுக்கிப் பார்த்த வளையம் அந்தக் குழாயிலிருந்து வெட்டியதே இல்லை. சோதனைக்கென்றே தனியாக, கவனமாகச் சுற்றிய வளையம் அது. செய்தவர் பெயர் இங்கே வேண்டாம். விற்றவன் நான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் படிப்பு.

இரும்பில் தொடங்கிய பாடம்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீராவிக் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்தன. கொதிகலனுக்குள்ளே நெருப்பும் புகையும் போகும் குழாய் ஒன்று உண்டு. அதைச் சுற்றிலும் நீராவியின் அழுத்தம். அதாவது அந்தக் குழாய் வெளியிலிருந்து அமுக்கப்படுகிறது. குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பலம் ஒன்றுதான் என்று அன்றைய கொதிகலன் கட்டுவோர் நம்பினார்கள். மான்செஸ்டர் பொறியாளர் வில்லியம் ஃபேர்பெய்ர்ன் அதைச் சோதித்துப் பார்த்தார். மெல்லிய இரும்புக் குழாய்களின் இரு வாயையும் அடைத்து, கனமான வார்ப்பிரும்பு உருளைக்குள் இறக்கி, சுற்றிலும் தண்ணீரைப் பம்பு செய்து அவை நசுங்கும் வரை அழுத்தினார். 1858இல் முடிவை வெளியிட்டார். நீளம் இரட்டித்தால் தாங்கும் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிறது!

அவர் சொன்ன பரிகாரம் எளிமையானது. நீளக் குழாயின்மேல் இடைவெளி விட்டு உறுதியான இரும்பு வளையங்களைப் பூட்டுங்கள். ஒரு நீளக் குழாய் பல குட்டைக் குழாய்களாகிவிடும். இதைப் படித்தபோது எனக்கு மூங்கில் கணுதான் ஞாபகம் வந்தது. மூங்கிலும் இழையும் பசையும் சேர்ந்த இயற்கைக் கூட்டுப்பொருள்தான். உள்ளே வெற்றிடம், இடையிடையே கணு.

1884இல் பிரான்ஸின் மோரிஸ் லெவி தனி வளையத்துக்குக் கணக்குப் போட்டார். சுற்றிலும் சீராக அமுக்கப்படும் மெல்லிய வளையம் நொறுங்குவதற்கு முன்பே நெளிந்துவிடும். அந்த நெளிவழுத்தம் சுவர்க் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனத்தை இரட்டித்தால் எட்டு மடங்கு தாங்கும். பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான். வாசகர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

இதே காலத்தில் லண்டன் சதக் பகுதியில் டேவிட் கிர்கால்டி என்பவர் காசு வாங்கிக்கொண்டு யாருடைய பொருளையும் சோதித்துச் சொல்லும் நிலையம் ஒன்றை நடத்தினார். எங்களுக்கு வேண்டியது உண்மைகள், அபிப்பிராயங்கள் அல்ல என்ற பொருளில் வாசல்மேல் எழுதி வைத்தார். 1879 டிசம்பர் 28 இரவு டே பாலம் இடிந்து ரயில் ஆற்றில் விழுந்தபோது, விசாரணைக்காக அதன் இரும்புத் துண்டுகள் அவரிடம்தான் வந்தன. செய்பவன் வேறு, சோதிப்பவன் வேறாக இருக்க வேண்டும் என்பதைத் தொழிலாகவே நடத்திக் காட்டியவர் அவர்.

இழையும் பிசினும்

கூட்டுப்பொருள் என்றால் என்ன? முடியைவிட மெல்லிய கண்ணாடி இழை அல்லது கார்பன் இழையைப் பிசினில் நனைத்து, உருளையின்மேல் நூற்கண்டு போலச் சுற்றி, சூட்டில் இறுக வைப்பது. இழைதான் பலம். இழைகளைச் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது பிசின்.

இந்தச் சுற்றும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராக்கெட் தொழிலில் வளர்ந்தது. அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏ-3 ஏவுகணை 1964இல் பணிக்கு வந்தபோது அதன் இரண்டு நிலைகளின் மோட்டார் உறைகளும் கண்ணாடி இழையில் சுற்றியவை. முழு உறையைச் சுற்றி உடைத்துப் பார்ப்பது பெருஞ்செலவு. ஆகவே மேரிலாந்தில் இருந்த கடற்படைப் படைக்கலச் சோதனைக்கூடத்தார் ஒரு சிறு வளையத்தை வகுத்தார்கள். உள்விட்டம் 146 மில்லிமீட்டர். அகலம் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கூடத்தின் பெயரிலேயே அதை ‘நால் வளையம்’ என்பார்கள்.

வளையத்துக்குள் இரண்டு அரைவட்டத் தட்டுகளை வைத்து, எதிரெதிர்த் திசையில் இழுத்து அறுப்பார்கள். அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏ.எஸ்.டி.எம். இதை டி 2290 என்ற எண்ணில் தரநிலையாக்கியது. இரண்டு தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வளையம் கொஞ்சம் வளைகிறது. அதனால் வரும் எண் கலப்படமில்லாத இழுவலிமை அல்ல. தரநிலையே இதை ஒப்புக்கொண்டு, ‘தோற்ற’ இழுவலிமை என்றுதான் தலைப்பில் குறிக்கிறது. அளவைச் சொல்லும்போதே அதன் குறையையும் சொல்லும் நேர்மை எனக்குப் பிடித்தது.

அமுக்கினால் ஏன் பலம் குறைகிறது?

ராக்கெட் உறைக்குள் வாயு விரிகிறது, வளையம் இழுபடுகிறது. கடலுக்கடியில் போகும் கலத்துக்கோ வெளியிலிருந்து அழுத்தம், வளையம் அமுங்குகிறது. இழுக்கும் கயிறு தள்ளாது என்பது நமக்குத் தெரியும். இழையும் கயிறு மாதிரிதான். அமுக்கும்போது அது நெளியப் பார்க்கிறது. பிசின்தான் அதைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்கிறது.

1965இல் வால்டர் ரோசன் இந்த நெளிவைக் கணக்கிட்டார். கணக்கில் வந்த பலம் சோதனையில் வந்ததைவிடப் பல மடங்கு அதிகம். ஏன்? 1972இல் அலி ஆர்கன் விடை சொன்னார். இழைகள் தொடக்கத்திலேயே நேராக இல்லை. ஓரிரு டிகிரி கோணல் இருந்தாலே போதும், அந்த இடத்தில் இழைக்கற்றை மடிந்துவிடும். ஆக, அமுக்க வலிமை என்பது பொருளின் குணம் மட்டும் அல்ல. சுற்றியவர் எவ்வளவு இழுத்துப் பிடித்துச் சுற்றினார், எங்கே சுருக்கம் விழுந்தது என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஓர் உதாரணம். ஜப்பானின் டோரே நிறுவனத்தின் டி-700 கார்பன் இழையை ஒரே திசையில் அடுக்கிய பொருளுக்கு நிறுவனமே தரும் எண்களை நம் வியாபார அளவில் சொன்னால், இழுவலிமை சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 26,000 கிலோ. அமுக்க வலிமை 15,000 கிலோ. குண்டு துளைக்காத சட்டைக்குப் பயன்படும் கெவ்லார் இழையில் வித்தியாசம் இன்னும் மோசம். அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்.

அமுக்கும் வழிகள்

முதல் வழி, குழாயிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் படுக்கவைத்து, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே நசுக்குவது. ஏ.எஸ்.டி.எம். டி 2412 இதைத்தான் சொல்கிறது. விட்டம் 5 விழுக்காடு குறையும்போது எவ்வளவு பாரம் என்று பார்ப்பார்கள். மண்ணில் புதைக்கும் குழாய்க்கு இது அவசியமான சோதனை. நம் நாட்டின் ஐ.எஸ். 12709 தரநிலையிலும் குழாயின் விறைப்புச் சோதனை உண்டு. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். இப்படி நசுக்கும்போது வளையம் வளைகிறது. பலகை தொடும் இடத்தில் உள்பக்கம் இழுபடுகிறது, விலாப்பக்கத்தில் வெளிச்சுவர் இழுபடுகிறது. கிடைப்பது விறைப்பு, அமுக்க வலிமை அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்பவர்கள் உண்டு.

இரண்டாவது, வளையச் சுவரிலிருந்து சிறு துண்டு வெட்டி முனையில் அமுக்குவது. இதில் தொல்லை என்னவென்றால், முனை துடைப்பம் மாதிரி விரிந்துபோகும். பலம் தெரிவதற்கு முன்பே துண்டு வீணாகும். 1975இல் வந்த டி 3410 தரநிலை, துண்டின் பக்கங்களை ஆப்பு போன்ற பிடிகளால் கவ்வி உராய்வு வழியாகப் பாரத்தை ஏற்றியது. 2001இல் வந்த டி 6641 முனையிலும் பக்கத்திலும் சேர்த்து ஏற்றியது. எல்லாம் அந்தத் துடைப்பத்தைத் தவிர்க்கத்தான். ஆனால் இவை நேரான பட்டைத் துண்டுக்கு வகுத்தவை. வளைந்த துண்டில் அமுக்கும்போதே வளைவும் சேர்ந்துவிடும்.

மூன்றாவது, வளையத்தை வளையமாகவே வைத்துச் சுற்றிலும் அமுக்குவது. சுற்றிலும் ரப்பர் பையை வைத்து எண்ணெய் அழுத்தம் கொடுக்கலாம். அல்லது பல துண்டுகளாகப் பிரிந்த தாடைகளை எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்நோக்கித் தள்ளலாம். ரப்பரில் அழுத்தம் சீராகப் பரவும், ஆனால் கசியும். தாடையில் பெரிய பாரம் ஏற்றலாம். ஆனால் உராய்வு குறுக்கிடும். லாத்வியாவின் ரிகா நகரில் தர்னபோல்ஸ்கி, கின்சிஸ் ஆகிய இருவரும் கூட்டுப்பொருள் சோதனை முறைகளைப் பற்றி எழுதிய நூலில் வளையச் சோதனைகளுக்குப் பெரிய இடம் உண்டு. 1985இல் ஆங்கிலத்தில் வந்தது.

இந்த முறையில் ஓர் இக்கட்டு இருக்கிறது. வளையம் மெல்லியதாக இருந்தால், லெவி சொன்னபடி, நொறுங்குவதற்கு முன்பே நெளிந்துவிடும், பலம் தெரியாது. கனமாகச் செய்தால் நெளியாது. ஆனால் உள்சுவரிலும் வெளிச்சுவரிலும் பாரம் ஒரே அளவாக இருக்காது. ஆரத்தின் திசையில் இழையே இல்லாததால் அடுக்குகள் பிரியவும் கூடும். நடுவழி ஒன்றைத் தேட வேண்டும். அதனால்தான் 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்த ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உணர்பட்டையை வளையத்தைச் சுற்றிப் பல இடங்களில் ஒட்டுகிறார்கள். எல்லாப் பட்டையும் ஒரே அளவு காட்டினால் வளையம் சீராக அமுங்குகிறது. ஒன்று மட்டும் திசைமாறினால் நெளிவு தொடங்கிவிட்டது என்று பொருள்.

நான்காவது, ஃபேர்பெய்ர்ன் செய்ததேதான். முழு உருளையின் இரு வாயையும் மூடி, அழுத்தத் தொட்டிக்குள் இறக்கி நசுக்குவது. செலவு அதிகம். ஆனால் உண்மைக்கு மிக அருகில் வரும் முறை இதுதான்.

இவற்றோடு காதால் கேட்கும் முறையும் ஒன்று உண்டு. பானை வாங்கும்போது நம் அம்மாக்கள் தட்டிப் பார்ப்பதில்லையா? 1950இல் ஜெர்மனியின் யோசஃப் கைசர், பொருள் இழுபடும்போது உள்ளே எழும் நுண்ணொலிகளை ஆராய்ந்தார். ஒருமுறை ஏற்றிய பாரத்தை மறுபடி ஏற்றினால், பழைய அளவைத் தாண்டும்வரை பொருள் மௌனமாக இருக்கும். கூட்டுப்பொருள் அதற்கு முன்பே சத்தம் போட்டால் உள்ளே காயம் இருக்கிறது என்று அர்த்தம்.

கடலுக்கடியில் வந்த தீர்ப்பு

1963 ஏப்ரல் 10 அன்று அமெரிக்காவின் திரெஷர் நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கியது. அதன்பின் ஆழ்கடல் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சி வேகம் பிடித்தது. இழை உருளை எடை குறைவு என்பதால் ஆசை காட்டியது. 1980களில் அமெரிக்கக் கடற்படையினர் கார்பன் இழை உருளையும் டைட்டானிய மூடிகளும் கொண்ட தேடும் கலம் ஒன்றைக் கட்டினார்கள். 6,000 மீட்டர் ஆழம் அதன் இலக்கு. ஆனால் அதில் மனிதர் ஏறவில்லை.

மனிதரை ஏற்றியது டைட்டன். கார்பன் இழை உருளை, 5 அங்குலச் சுவர், உள்விட்டம் ஏறத்தாழ 142 சென்டிமீட்டர். 2023 ஜூன் 18 அன்று, டைட்டானிக் கப்பல் கிடக்கும் 3,800 மீட்டர் ஆழத்தை நோக்கி இறங்கும்போது நசுங்கி, உள்ளே இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள்.

ஒரு கடைக்காரன் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அந்த ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 390 கிலோ அழுத்தம். வெளி ஆரத்தால் பெருக்கிச் சுவர்க் கனத்தால் வகுத்தால், சுவருக்குள் வரும் பாரம் ஏறத்தாழ 2,570 கிலோ. மேலே சொன்ன வகை இழையின் அமுக்க வலிமை 15,000. எல்லா இழையும் சுற்றுத் திசையில் ஓடாது என்று பாதியைக் கழித்தாலும் 7,500. ஏறத்தாழ மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது! காகிதத்தில் கலம் பத்திரம். அப்படியானால் ஏன் போயிற்று?

அந்தச் சுவரை ஓர் அங்குல அடுக்குகளாக ஐந்து தடவை சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுகவைத்து, மேலே எழுந்த சுருக்கங்களைத் தேய்த்துவிட்டு அடுத்ததைச் சுற்றியிருக்கிறார்கள். லெவியின் மும்மடிக் கணக்கை இங்கே போடுவோம். ஐந்து அடுக்கும் ஒட்டி ஒன்றாக நின்றால் நெளிவுக்கு எதிரான பலம் ஒரு பங்கு. முழுவதும் பிரிந்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 125இல் ஒன்று. ஐந்தும் சேர்ந்து 25இல் ஒன்று. புத்தகத்தை ஒட்டி அட்டையாக்கி வளைப்பதற்கும், தாள் தாளாக விட்டு வளைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். டைட்டனில் எல்லா அடுக்கும் முழுக்கப் பிரிந்தன என்று நான் சொல்லவில்லை. பிரிவு தொடங்கினால் பலம் எந்த வேகத்தில் சரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 2019இல் முதல் உருளையில் விரிசல் கண்டு, வேறு உருளை செய்தார்கள். 2022 ஜூலை 15 அன்று அந்த இரண்டாவது உருளை மேலே வரும்போது பலத்த சத்தம் கேட்டது. அதற்குப் பிந்தைய இறக்கங்களில் ஸ்ட்ரெயின் கேஜ் காட்டிய அளவுகள் மாறியிருந்தன. பானை தட்டுப்பட்டுச் சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை. 2024 செப்டம்பரில் நடந்த விசாரணையில், கலத்தைக் கட்டியபோது எடுத்த மாதிரித் துண்டுகளை ஆராய்ந்த அரசுப் பொறியாளர், அவற்றில் சுருக்கங்களும் நுண்துளைகளும் வெற்றிடங்களும் இருந்ததாகச் சாட்சி சொன்னார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிக்கை, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என்றது.

யோசித்துப் பாருங்கள். சாட்சி முன்பே கையில் இருந்தது. அதே சுவரின் துண்டு. அதை அக்கறையாக வாசித்தது ஐந்து உயிர் போன பிறகு.

நம் பக்கம்

நம் நாட்டிலும் இந்தக் கலை நன்றாக வளர்ந்திருக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் நிலை மோட்டார் உறை கெவ்லார் இழையில் ஆனது. கெவ்லாருக்கு அமுக்கத்தில் பலம் குறைவு என்றேனே, அங்கே எப்படி என்று கேட்கலாம். உறைக்குள் வாயு விரிவதால் இழை இழுபடுகிறது. அதற்குக் கெவ்லார் ஏற்றது. ஆழ்கடலில் மனிதர் இறங்க வேண்டிய மத்ஸ்யா 6000 கலத்துக்கு, சென்னையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானிய உலோகக்கலவைக் கோளத்தைத் தெரிவு செய்தது. எந்தப் பொருள் எந்த வேலைக்கு என்பதில்தான் விவேகம் இருக்கிறது.

கூட்டுப்பொருள் கெட்டது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். துருப்பிடிக்காது, எடை குறைவு. நல்லபடியாகச் சுற்றிய குழாயை நானே மனமார விற்கிறேன். என் வாதம் ஒன்றுதான். வளையம் எந்தச் சுவரிலிருந்து வெட்டப்பட்டதோ அந்தச் சுவருக்கு மட்டுமே அது சாட்சி. பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிட்டு வந்து சாட்சி சொல்லவைத்தால் வழக்கு நிற்காது.

நம்மில் பலர் குடியிருப்புச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கிறோம். தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வாங்குகிறோம். சான்றிதழைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். சோதித்த துண்டு எங்கள் சரக்கிலிருந்து வெட்டியதா? நசுக்கிப் பார்த்தது விறைப்புக்கா, வலிமைக்கா? சோதித்தவர் செய்தவரா, வேறு ஆளா?

அந்த விபத்துக்குப் பிறகு என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு சரக்கிலும் ஒரு குழாயின் ஓரத்தில் ஒரு சாண் வளையம் வெட்டி, வெளிச் சோதனைக்கூடத்துக்கு என் செலவில் அனுப்புவேன். ஒரு குழாய் குட்டையாகிவிடுகிறது. கணக்கில் அது நட்டம்தான். “இது என்ன மாமா, ஒவ்வொரு தடவையும் வெட்டணுமா?” என்று கடைப்பையன் கேட்பான். மண் சரிந்த அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கு நான் போன நாளைப் பற்றி அவனுக்கு ஒருமுறை சொன்னேன். இப்போது வண்டியிலிருந்து சரக்கு இறங்கியதுமே ரம்பத்தை அவனே எடுத்து வைத்துவிடுகிறான்.